எழுந்தால் நிற்கும் நாற்காலி

ஜூலை 8

அன்புள்ள புரொபசர் அம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுறது. நேத்து உங்க காலேஜும் என் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுக்கிட்ட விழாவுல உங்க பிரின்சிபால் ஒரு மணி நேரம் பேசினாரே, கல்வியும் தொழிலும் இரு கண்கள்னு, பக்கத்துல உட்கார்ந்திருந்த எனக்கு ரெண்டு கண்ணும் சொக்கிடுச்சு. போட்டோவுல நான் தூங்குற மாதிரி விழுந்திருந்தா அதுக்கு அவர்தான் பொறுப்பு.

இனிமே நம்ம பேச்செல்லாம் இப்படி லெட்டர்லதான். உன் அண்ணன் சட்டம் போட்டுட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில நாம போட்ட சத்தத்துல மனுஷன் பாதியில எழுந்துட்டார். "நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடுறது உலக வழக்கம். பிரேக் கம்பிக்காகச் சண்டை போடுறது எந்த உலகத்துல நடக்கும்? வீட்லயும் போன்லயும் இனி தொழில் பேச்சே கூடாது"ன்னார். வாரம் ஒரு தடவை நம்ம வேன் சாமான் ஏத்திக்கிட்டு உங்க லேபுக்கு வரும். டிரைவர்கிட்ட கவரைக் கொடுத்து விடுறேன், நீயும் அப்படியே கொடுத்து விடு.

விஷயத்துக்கு வர்றேன். நாங்க ஆஸ்பத்திரிக்குச் செய்யற சக்கர நாற்காலியில ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். எழுந்திருக்கப் பார்ப்பார். பிரேக் போட மறந்திருப்பார், இல்ல கூட வந்தவங்க மறந்திருப்பாங்க. நாற்காலி பின்னாடி ஓடிடும், ஆள் கீழ. போன வருஷம் இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பின ஒரு அம்மா அப்படி விழுந்து, திரும்ப அதே வார்டுக்குப் போனாங்க. நாற்காலி முதுகுல எங்க கம்பெனி பேர் கொட்டை எழுத்துல. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கலை. ஆள் எழுந்தா தானா பிடிக்கிற பிரேக்கைப் பெரிய கம்பெனிக்காரங்க விக்கிறாங்க. அந்த நாற்காலியை மடிக்க முடியாது, கெட்டுப்போனா அவங்க ஆள்தான் வந்து பார்க்கணும். எனக்கு மடியணும். ஆஸ்பத்திரி ஆளே ஸ்க்ரூ டிரைவர் வெச்சு ரிப்பேர் பண்ணணும்.

ஒரே ஒரு நிபந்தனை. பேட்டன்ட் போடுற வரைக்கும் வெளியே மூச்சு விடக்கூடாது. நம்ம மடக்குக் கட்டிலுக்கு என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும். கண்காட்சியில வெச்சேன், எதிர்க் கம்பெனிக்காரன் வந்து "பிரமாதம் மேடம்"னு கை கொடுத்தான். அடுத்த வருஷம் அதே கட்டில் அவன் கடையில. அந்தக் கையை நான் இன்னும் கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணி


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்துச் சிரித்துவிட்டேன். பிரின்சிபால் எதிரில்தான் இருந்தார். "நல்ல செய்தியா?" என்று கேட்டார். உங்களைப் பற்றித்தான் சார் என்றா சொல்ல முடியும்?

இந்த வேலைக்கு என் ஆராய்ச்சி மாணவி ஒருத்தியைப் போட்டிருக்கிறேன். துறையில் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். காலையில் லேப் கதவைத் திறக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் பூட்டும்வரை பேச்சு. லேத் மெஷினோடுகூடப் பேசுவாள். ஒரு டிப்ளமா கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், டாக்டர் பட்டத்துக்காக வேலையை விட்டுவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை இருக்கிறது. என் கையில் படித்தவர்களில் இவளைப் போல யோசிக்கிறவர்கள் குறைவு. அவளிடம் போய் "வாயைத் திறக்காதே" என்றதும், "மேடம், மூச்சாவது விடலாமா?" என்றாள்.

அண்ணி, ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று ஆகக்கூடாது. அவளுடைய பதிவு அடுத்த வருஷம் ஜூலையோடு முடிகிறது. ஏற்கெனவே நீட்டித்தாயிற்று, இனி கிடையாது. அதற்குள் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால்தான் அவள் தீசிஸ் கொடுக்க முடியும். நம் ஒப்பந்தப்படி உங்கள் கையெழுத்து இல்லாமல் கட்டுரை வெளியே போகாது. நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், நீ வேலையை முடி, எழுதுவதற்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள் என்று. அந்த "யாரும்" நீங்கள்தான்.

இன்னொன்று. நேற்று வேனில் வந்த நாற்காலிக்குச் சக்கரம் இல்லை. உங்கள் ஸ்டோர்காரரைக் கேட்டால் சக்கரம் வேறு செக்‌ஷனாம். எங்கள் ஆபீஸ் அதற்கும் மேல். ஒரு ஸ்பிரிங் வாங்க மூன்று கடை விலைப்பட்டியல் கேட்கிறார்கள். அந்த ஸ்பிரிங் என் பேனாவில் இருப்பதைவிடச் சின்னது.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 14

அன்புள்ள புரொபசர் அம்மாவுக்கு,

ஸ்டோர்காரனைக் கூப்பிட்டு நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். இனிமே சக்கரத்தோடதான் நாற்காலி வரும். ஆனா உங்க காலேஜைப் பத்தி நானும் ஒண்ணு கேக்கணும். போன மாசம் பரீட்சை, அதுக்கு முன்னாடி பரீட்சைக்குப் படிக்க லீவு, இப்போ பரீட்சை எழுதின களைப்புக்கு லீவா? நீங்க எல்லாம் வேலை செய்யற நாள்னு ஏதாவது உண்டா? இருந்தா சொல்லு, அன்னிக்கு வேன் அனுப்பறேன்.

உன் ரேடியோ முதல் பிரேக்கோட வந்துட்டுப் போனா. பேச்சுன்னா பேச்சு, அப்பப்பா! எங்க ஃபோர்மேன் யார்கிட்டயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன். அவரே பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டார்னா பார்த்துக்கோ. அவரை உட்கார வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனோம். பாதி வழியில பேனா கீழ விழ, மனுஷன் குனிஞ்சார். எழுந்துட்டார்னு நினைச்சு பிரேக் பிடிச்சிடுச்சு. நாற்காலி நின்னுது, ஃபோர்மேன் நிக்கலை. நேரா போய் பெயின்ட் டப்பா மேல. அன்னிக்குப் பூரா மூக்கு நீலம்.

நான் திட்டப்போறேன்னு எல்லாரும் ஒதுங்கி நின்னாங்க. அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? "மேடம், நான் நாற்காலியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், மனுஷங்க எப்படி எழுந்திருக்காங்கன்னு பார்க்கவே இல்லை." மறுநாள்லேர்ந்து ஆஸ்பத்திரி வராண்டாவுல போய் உட்கார்ந்துட்டாளாமே. எனக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு. படிப்பு முடிஞ்சதும் எனக்கே வேணும், வேற எங்கயும் விட்டுடாதே.

அண்ணி


நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

கிடைத்துவிட்டது!

ரேடியோ ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்த்ததில் கண்டது இது. யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து நேராக எழுவதில்லை. முதலில் இருக்கையின் முன் ஓரத்துக்கு நகர்கிறார்கள், காலை ஊன்றுகிறார்கள், பிறகுதான் எழுகிறார்கள். அப்படியானால் எழுந்த பிறகு பிரேக் பிடித்துப் பயனில்லை, முன்னால் நகரும்போதே பிடித்துவிட வேண்டும். எப்படி என்று தெரியாமல் இரண்டு வாரம் லேபில் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒருநாள் கடையிலிருந்து காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பையில் கனம் இருக்கும்போது பிடி இறுகுகிறது, கீழே வைத்ததும் தளர்கிறது. "மேடம், நம்ம இருக்கையும் துணிதானே?" என்றாள்.

அவ்வளவுதான். இருக்கைத் துணியின் அடியில், பின்பாதியில், ஒரு வாரைத் தைத்திருக்கிறோம். ஆள் உட்கார்ந்தால் துணி இறங்கி வாரை இழுக்கும், பிரேக் திறக்கும். முன்னால் நகர்ந்ததும் பின்பாதி தளரும், பிரேக் தானாக விழும். குனிந்தால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் கனம் பின்னால்தான் இருக்கிறது. மடித்தால் துணியோடு வாரும் மடிகிறது. தையல் மெஷினும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். ஃபோர்மேனை அனுப்புங்கள், இந்த முறை மூக்குக்கு நான் உத்தரவாதம்.

கட்டுரையும் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆய்விதழ்க்காரர்கள் படித்து முடிவு சொல்ல நாலைந்து மாதம் எடுப்பார்கள். இந்த மாதமே அனுப்பினால் நிம்மதி. கையெழுத்துப் படிவம் கவரில் இருக்கிறது.

அன்புடன்,
நாத்தனார்


நவம்பர் 10

அன்புள்ள புரொபசர் அம்மாவுக்கு,

ஃபோர்மேன் பத்து தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்துட்டு வந்து என் முன்னாடி நின்னார். "விழலை மேடம்"னார். அவர் அகராதியில அது பெரிய பாராட்டு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, உண்மையைச் சொல்றேன். அந்த இடுப்பு ஆபரேஷன் அம்மா இப்படி ஒரு நாற்காலியில உட்கார்ந்திருக்கணும்.

ஆனா கையெழுத்து இப்போ வேண்டாம்டா. வக்கீல் ஒரு மனு எழுதுறதுக்குள்ள நான் ஒரு நாற்காலியே செஞ்சுடுவேன் போல, அவ்வளவு சுறுசுறுப்பு. பேட்டன்ட் மனு போகாம கட்டுரை போச்சுன்னா எல்லாம் அம்போ. ரெண்டு மாசம், அதிகம் போனா மூணு. உங்க காலேஜ்ல கருத்தரங்கு வருதாமே, அதுலயும் அவ பேசக்கூடாது. கட்டாயம் சொல்லிடு. வாயில பூட்டுப் போட்டுச் சாவியை நீயே வெச்சுக்கோ.

கோவிச்சுக்காதே. அதுக்குப் பதிலா உங்க எல்லாரையும் கௌரவப்படுத்தப்போறேன். நம்ம கம்பெனி காலண்டர் வருஷாவருஷம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகுதில்ல? இந்தத் தடவை ஜனவரிப் பக்கத்துல உங்க லேப்தான். திங்கக்கிழமை போட்டோகிராபர் வருவார், நானும் வர்றேன். எல்லாரும் நல்ல டிரஸ்ஸா போட்டுக்கிட்டு வாங்க. உன் அந்தச் சாம்பல் கலர் வேண்டவே வேண்டாம், பார்த்தா டிராயிங் போர்டு மாதிரி இருக்கு.

அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ரேடியோ நலமில்லை.

கருத்தரங்கில் அவள் பேசவில்லை. வருஷாந்திர மதிப்பீட்டுக் குழு முன்னால், "இத்தனை மாதம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "சொல்ல அனுமதியில்லை சார்" என்றாள். இன்னொரு துறைக்காரர், "சொல்ல எதுவுமே இல்லையா, இல்ல அனுமதிதான் இல்லையா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "முன்னேற்றம் போதாது" என்று எழுதிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் சொல்ல அனுமதியில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

நீங்கள் சொன்ன இரண்டு மாதம் முடிந்துவிட்டது. பிப்ரவரிக்குள் கட்டுரை போகாவிட்டால் ஜூலைக்குள் எதுவும் நடக்காது. வக்கீலை நாற்காலியோடு கட்டிப்போட்டாவது எழுத வையுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்


பிப்ரவரி 12

நாத்தனாருக்கு,

தலையில இடி விழுந்துடுச்சு. எதிர்க் கம்பெனி விற்பனையாள் ஒருத்தன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் புது நாற்காலி காட்டுறான். எழுந்தா நிக்குமாம். இருக்கைத் துணியில வார் வெச்சுத் தெச்சிருக்காம். மடியுமாம்! நம்ம வக்கீலோட மனு இன்னும் அவர் மேஜையிலேயே இருக்கு. கேட்டா, விஷயம் வெளியே போயிருந்தா மனு போட்டும் பிரயோஜனமில்லைங்கறார்.

எப்படிப் போச்சு? என் பட்டறையில விஷயம் தெரிஞ்சவர் ஃபோர்மேன் ஒருத்தர்தான், அவர் வாயைத் திறக்க வைக்க கடப்பாரை வேணும். மிச்சம் இருக்கிறது உன் ரேடியோ. ஊர் பூரா கேக்குற மாதிரி பேசுறவ எங்கயாவது பேசாம இருந்திருப்பாளா? எனக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. இனிமே அவ கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன். உண்மை தெரியற வரைக்கும் கையெழுத்தும் கிடையாது.

உன்னை நான் ஒண்ணும் சொல்லலை. நீ நம்பிட்டே. நானும்தான் நம்பினேன்.

அண்ணி


பிப்ரவரி 15

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

வாட்ச்மேன் ரேடியோவைக் கேட்டில் நிறுத்தியபோது உங்கள் தொழிலாளர்கள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் எதிரிலும் அவள் பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஒரு டிபன் பாக்ஸும், அவள் குழந்தையின் ஒரு ஜோடி சாக்ஸும் இருந்தன. அவள் லேபுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நான் நேற்று முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போனேன். காத்திருக்கும் அறையில் உங்கள் காலண்டர் மாட்டியிருந்தது. பிப்ரவரி வந்தும் யாரும் ஜனவரியைக் கிழிக்கவில்லை. படத்தில் நான், ரேடியோ, நடுவில் நாற்காலி. அன்று போட்டோகிராபர், "மேலேயிருந்து பார்த்தா சாதாரண நாற்காலி மாதிரி இருக்கு" என்றதும், "அப்போ கவுத்துப் போட்டு எடுங்க, அடியிலதானே விஷயம் இருக்கு" என்று சொன்னது யார்? நான் "வேண்டாமே" என்றேன். "எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். நானும் அதற்குமேல் பேசாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். அடியில் வாரும் பிரேக்கும் பளிச்சென்று தெரிகின்றன. கீழே விளக்கம் வேறு, "எழுந்ததும் இருக்கைத் துணியே பிரேக் போடும்" என்று. அந்த நடை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காலண்டர் டிசம்பரிலேயே ஊரிலுள்ள எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. அவள் வாயைப் பூட்டச் சொன்ன நீங்கள்தான் சுவரில் மாட்டி வைத்தீர்கள்.

அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி வந்து கவரில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் படிவமும் இருக்கிறது.

இப்படிக்கு,
இயந்திரவியல் துறைப் பேராசிரியை


பிப்ரவரி 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

அந்தப் பக்கத்தைப் பார்த்தேன், தப்பு என்னோடதுதான். ஒவ்வொரு வருஷமும் புதுச் சரக்கை காலண்டர்ல போடுறது எங்களுக்குப் பழக்கம். அது விளம்பரம், பேட்டன்ட் வேற டிபார்ட்மென்ட்னு மூளைக்குள்ள ரெண்டு அறையா இருந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கதவு இருக்குன்னு தோணவே இல்லை. என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு.

இப்போ நான் கேக்கப்போறதை முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கோவிச்சுக்கோ. வக்கீல் ஒரு வழி சொல்றார். நம்ம அனுமதி இல்லாம வேற யாரோ வெளியே சொல்லிட்டாங்கன்னா பேட்டன்ட் இன்னும் கிடைக்க வாய்ப்பு இருக்காம். எதிர்க் கம்பெனிக்காரன் காலண்டரை ஆதாரமா நீட்டாம இருக்கணும், அவ்வளவுதான். வேற படம் போட்டுப் புதுக் காலண்டர் அடிச்சு, ஆள் விட்டுப் பழசையெல்லாம் மாத்திக்கிட்டிருக்கேன். ரேடியோ தெரியாத்தனமா வெளியே பேசிட்டான்னு நீ ஒரு வாக்குமூலம் எழுதித் தரணும். ஒரே ஒரு பத்தி. யாரும் அவளை ஜெயில்ல போடப்போறதில்லை. நீ அதுல கையெழுத்துப் போடு, நான் அவ கட்டுரைக்குக் கையெழுத்துப் போடுறேன். அவளுக்குப் பட்டமும் கிடைக்கும், என் கம்பெனியில வேலையும் உண்டு.

இது ஆசையால கேக்கலை. கட்டில் போனப்போ பதினைஞ்சு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். ஒவ்வொருத்தர் முகமும் ஞாபகம் இருக்கு. நாற்காலியும் போச்சுன்னா இன்னொரு தடவை அதைச் செய்ய என்னால முடியாது. உன் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது.

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணி,

முழுவதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

அவள் பேசவில்லை. அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவள் பேசினாள் என்று என்னை எழுதச் சொல்கிறீர்கள். அவளுடைய பட்டத்தை அவளுடைய பெயரைக் கொடுத்து அவள் வாங்க வேண்டும், அதுதானே கணக்கு? இரகசியம் காக்காதவள் என்று ஒரு தடவை காகிதத்தில் ஏறிவிட்டால் பிறகு எந்த லேபில் அவளை உள்ளே விடுவார்கள்? உங்கள் கம்பெனியில் மட்டும்தான் விடுவார்கள். அது வேலை இல்லை அண்ணி.

உங்கள் தொழிலாளர்களைப் பற்றி எழுதியதைப் படித்தபோது மனசு கஷ்டப்பட்டது. பொய்யில்லை. நீங்கள் அந்தப் பதினைந்து பேர் வீட்டுக்கும் நேரில் போனதை நான் பார்த்தேன். அதனால்தான் இதை உங்களிடமிருந்து என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலை கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் கையெழுத்து இல்லாமல்தான். ஒப்பந்தத்தை மீறியது நான், ரேடியோ இல்லை. அவளுக்குத் தெரியாமலே அனுப்பினேன். வழக்குப் போடுவதென்றால் என் பெயரில் போடுங்கள். பிரின்சிபாலிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. அண்ணனிடம் தலைவலி என்று சொல்லிக்கொள்ளுங்கள், இல்லை உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் இஷ்டம்.

நாத்தனார்


மார்ச் 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

மூணு வாரமா உனக்கு நோட்டீஸ் அனுப்பறதா வேண்டாமான்னு வக்கீல் கேட்டுக்கிட்டே இருந்தார். நான் பதில் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்.

வழக்குக்கு ஆதாரம் வேணும்னு எதிர்க் கம்பெனி நாற்காலி ஒண்ணை வெளியே ஆள் விட்டு வாங்கினேன். பட்டறை நடுவுல வெச்சு ஃபோர்மேனை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். முன்னாடி நகர்ந்தார். கையை ஊன்றி எழுந்தார். பிரேக் பிடிக்கவே இல்லை. நாற்காலி வழுக்கிக்கிட்டுப் பின்னாடி போச்சு, மனுஷன் தரையில. முழங்கையில ரெண்டு தையல். நம்ம ஃபோர்மேன் தெம்பான ஆள், ரெண்டு தையலோட போச்சு. ஆபரேஷன் ஆன ஆள்னா?

கவுத்துப் போட்டுப் பார்த்தேன். வாரை முன்பாதியில தெச்சிருக்கான். எனக்கு உடனே புரிஞ்சுது. காலண்டர்ல நாற்காலி தலைகீழா இருக்கு, ரெண்டு முனையையும் நீயும் அவளும் மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க, எது முன்னாடி எது பின்னாடின்னு படத்துல தெரியாது. படத்தைப் பார்த்து அப்படியே செஞ்சிருக்கான். உன் ரேடியோ சொல்லியிருந்தா எங்க தைக்கணும்னு முதல் வார்த்தையிலயே சொல்லியிருப்பா. விட்டிருந்தா நூல் கலர் வரைக்கும் சொல்லியிருப்பா.

வக்கீல்கிட்ட காட்டினேன். "இதைப் பத்தி வாயே திறக்காதீங்க, நாலஞ்சு பேர் விழுந்தா அவன் சரக்குதான் கெட்ட பேர் எடுக்கும், உங்களுக்கு நல்லது"ன்னார். அந்த "நாலஞ்சு பேர்"ங்கறது எனக்கு எப்படிக் கேட்டுச்சு தெரியுமா? அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில உன் அண்ணன்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன், காலண்டர், வாக்குமூலம், எல்லாம். தட்டைத் தள்ளி வெச்சுட்டு, "அந்தப் பொண்ணு பேரை எழுதப் பார்த்தியா நீ?"ன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலை.

மறுநாள் எதிர்க் கம்பெனிக்கு நானே எழுதினேன். வார் தப்பான இடத்துல இருக்கு, பின்பாதியில தைக்கணும், அதுவரைக்கும் நாற்காலிகளைத் திரும்ப எடுங்க, என் காலண்டரைப் பார்த்துத்தானே செஞ்சீங்கன்னு. அந்த வரியை எழுதின கையோட பேட்டன்ட் போச்சு. போகட்டும். பாதி தெரிஞ்சுக்கிட்டுச் செய்யறவனாலதான் ஆபத்து. கட்டுரையில ஒண்ணையும் மறைக்காம எழுதச் சொல்லு, எங்க தைக்கணும், எத்தனை தையல், எல்லாம். கையெழுத்துப் படிவம் இதோட இருக்கு. நீ மீறினதா இனி யாரும் சொல்ல முடியாத மாதிரி பிரின்சிபாலுக்கும் தனியா எழுதிட்டேன்.

நாளைக்குக் காலையில லேபுக்கு வர்றேன். உன்னைப் பார்க்க இல்லை. அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.

அண்ணி


நவம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

ரேடியோவின் வாய்மொழித் தேர்வு வெள்ளிக்கிழமை முடிந்தது. தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டால் இவள் மூன்றுக்குப் பதில் சொன்னாள். கடைசியில் அவரே, "போதும் டாக்டர்" என்றார். மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டே இருந்தாள். நீங்கள் கடைசி வரிசையில் இருந்ததைப் பார்த்தேன். முடிந்ததும் திரும்பினால் ஆளைக் காணவில்லை.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்காக. வேறு யார் வாயாலாவது உங்களுக்குத் தெரியக்கூடாது. எதிர்க் கம்பெனிக்காரர்கள் உங்கள் கடிதம் போனதும் நாற்காலிகளைத் திரும்ப எடுத்தார்கள். வார் விஷயத்தைக் கண்டுபிடித்தது யார் என்று விசாரித்துக்கொண்டு லேபுக்கே வந்தார்கள். அவளுக்கு அங்கே வேலை. அடுத்த மாதம் சேருகிறாள். சிபாரிசுக் கடிதம் எழுதியது நான்.

அண்ணி கம்பெனியில் உனக்காக இடம் வைத்திருக்கிறார்களே என்று அவளிடம் கேட்டேன். "மேடம் நேர்ல வந்து அப்படி மன்னிப்புக் கேட்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை. நல்லவங்கதான். ஆனா அங்க நான் எதைப் பேசுறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை யோசிச்சுட்டுத்தான் பேசுவேன். எனக்கு அப்படிப் பேசத் தெரியாது மேடம்" என்றாள். 

நம் ஒப்பந்தம் ஜூலையில் முடிந்துவிட்டது. புதுப்பிக்கலாமா என்று துறைத்தலைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு இன்னும் மனசு வரவில்லை அண்ணி. உங்களிடம் பொய் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
நாத்தனார்


நவம்பர் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

வயிறு எரியுது. மறைக்க மாட்டேன். அந்தப் பொண்ணை என் பட்டறைக்குக் கூட்டிட்டு வந்தவளும் நீ, எதிர்க் கம்பெனி வாசல்ல கொண்டுபோய் விட்டவளும் நீ. சிபாரிசு எழுதுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா தடுத்திருப்பேன். அதனால சொல்லாததுதான் சரி.

தொழில் படுத்துடலை. ஆஸ்பத்திரிக்காரங்க ரெண்டு நாற்காலியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டுப் பாதிப் பேர் நம்மளோடதைத்தான் கேக்குறாங்க. மீதிப் பாதி அவனுக்கு. யாரையும் வீட்டுக்கு அனுப்பலை, இப்போதைக்கு.

புது ஒப்பந்தம் ஒண்ணு கவர்ல இருக்கு. பழசுல இருந்த ஒரு வரியை எடுத்துட்டேன். மாணவர் எழுதுறதைக் கம்பெனி நிறுத்த முடியாது. வேணும்னா ரெண்டு மாசம் தள்ளிப் போடச் சொல்லலாம், அவ்வளவுதான். அதுக்குள்ள பேட்டன்ட் போட்டா என் சமர்த்து, போடலைன்னா என் தலையெழுத்து. வக்கீல் இதைப் படிச்சுட்டு "யாராவது இப்படிக் கையெழுத்துப் போடுவாங்களா?"ன்னார். வக்கீலை மாத்திட்டேன்.

வேலை இருக்கு. எங்க ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்டுல திரும்ப மாட்டேங்குது. நோயாளியைக் குறுக்கா சாய்ச்சு ஏத்துறாங்க, பார்க்கவே கண்றாவியா இருக்கு. உன்கிட்ட படிக்கிற வேற ஒரு பையனோ பொண்ணோ இருப்பாங்க. எவ்வளவு பேசுறவங்களா இருந்தாலும் சரி.

நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உன்னோட இடம் காலியா இருக்கு. நீ போடலைன்னா கோவிச்சுக்க மாட்டேன்னு முதல்ல எழுதினேன், அப்புறம் அடிச்சுட்டேன். கோவிச்சுப்பேன். நல்லாவே கோவிச்சுப்பேன். ஆனா அந்தக் கோபம் உன் மேல மட்டும்தான் விழும், உன் பசங்க யார் மேலயும் விழாது. அதை மட்டும் நம்பு.

அண்ணி